பூசணி வாய்ப்பன்

வினாகிரியில் ஊறிய சிறு வெள்ளரிக்காயின் புளித்த மணமும், மெழுகு பூசிய மரத்தரையின் மணமும், மேடையில் அடுக்கிய அப்பிள் பழங்களின் மணமும் ஓரிடத்தில் கலந்துவிட்டால், என் பன்னிரண்டாவது வயது மூக்கின் வழியே திரும்பி வந்துவிடுகிறது. ஜேர்மனியின் ஹம் நகரில், தொடருந்துப் பாதைக்கு அப்பால், தேவாலயம் ஒன்றை ஒட்டியிருந்த மண்டபம் அது. நீண்ட மேசையின் நடுவே பாதியாக வெட்டிக் கவிழ்த்த முட்டைக்கோவா ஒன்று இருந்தது; அதன் முதுகு முழுவதும் பற்குச்சிகள், குச்சிக்கொரு பாற்கட்டித் துண்டும் அதன்மேல் ஒரு கொடிமுந்திரிப் பழமும். ஜேர்மானியர் அதை முள்ளெலி என்றார்கள். அதன் இருமருங்கும் அவித்துப் பிளந்து நிரப்பிய முட்டைகளும், கையகலம் கூட இல்லாத இறைச்சி உருண்டைகளும், விரல் நீளத்தில் அரிந்த பிளம்ஸ் பழக் கேக்கும் இருந்தன. கரண்டியும் முள்ளும் எங்கும் இல்லை.

அண்மையில் என் பெறாமகள், பான் நகரில் அமெரிக்க நிறுவனமொன்றில் பணிபுரிபவள், தொலைபேசியில் அழைத்து, “பெரியப்பா, ஒஃபிஸிலை தாங்ஸ்கிவிங் பார்ட்டி. நிண்டுகொண்டு கையிலை எடுத்துச் சாப்பிடுற மாதிரிப் பத்துப் பன்னிரண்டு சாமான் சொல்லுங்கோ” என்றாள். எங்கள் நகரத் தமிழ்ச் சங்கத்து விழாக்களில் சிற்றுண்டி ஒழுங்கு என் பொறுப்பு என்பதால் என்னைக் கேட்டிருக்கிறாள். விரலளவு மீன் ரோல்ஸ், சின்னதாகத் தட்டிப் பொரித்த பருப்பு வடை, வான்கோழி இறைச்சியில் பிடித்த கட்லட், சோளமும் உருளைக்கிழங்கும் வைத்த பற்றிஸ், குச்சியில் கோத்த மரவள்ளிப் பொரியல் என்று வரிசையாகப் பன்னிரண்டு சொன்னேன். பதின்மூன்றாவது ஒன்று நாக்கின் நுனிவரை வந்து நின்றது. அதைச் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டேன். சொல்லாமல் விட்டதன் காரணத்தை எழுதாமல் இனியும் விடுவது என் கல்விக்கும் வயதுக்கும் அழகன்று என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

அக்காலத்தில் எங்கள் தொடர்மாடியில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் நான்கு இருந்தன. என் தந்தையார் ஊரில் கல்லூரி ஆசிரியர். ஹம்மில் கம்பித் தொழிற்சாலையொன்றில் பெட்டி கட்டினார். ஆயினும் எல்லாருக்கும் அவர் “மாஸ்ரர்”தான். அதனால் என் தாயார் அந்தத் தொடர்மாடிக்குத் தலைவி போல இருந்தார். நானோ மொழிபெயர்ப்பாளன். இரண்டே ஆண்டுகளில் ஜேர்மன் மொழியைப் பிழையறப் பேசக் கற்றுவிட்டதால், “தெர்மின்” என்ற அலுவலகச் சந்திப்பு என்றாலும் “அன்றாக்” என்ற விண்ணப்பம் என்றாலும் பெரியவர்கள் என் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார்கள். என் வாயிலிருந்து வருவதே இரண்டு பக்கத்தாருக்கும் உண்மை என்பதை நான் அந்த வயதிலேயே நன்றாக அறிந்திருந்தேன்.

தேவாலயத்துப் போதகரின் மனைவி ஹெல்கா அம்மையார்தான் எங்களுக்குக் குளிர்ச்சட்டை தேடித் தந்தவர், பள்ளியில் இடம் வாங்கித் தந்தவர். ஒக்டோபர் முதல் ஞாயிறன்று வரும் அறுவடை நன்றித் திருநாளுக்கு அவர் எங்கள் நான்கு குடும்பங்களையும் அழைத்தார். தட்டுகள் போதாதென்பதால் ஒவ்வொருவரும் கையால் எடுத்து உண்ணக்கூடியதைக் கொண்டுவர வேண்டும் என்றும், எங்களுக்கென ஒரு மேசை ஒதுக்கப்படும் என்றும் சொல்லி, தம் தோட்டத்துப் பூசணிக்காய்களில் வீட்டுக்கொன்று கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே தாயார் எங்கள் வீட்டில் பெண்களைக் கூட்டிப் பட்டியல் போட்டார். தாம் ரோல்ஸ், இரண்டாம் வீட்டுக் கனகாக்கா வடை, மூன்றாம் வீட்டார் பயற்றம் பணியாரம். நான்காம் வீட்டாரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, “மணியவை சமைக்கத் தேவையில்லை. சோடாவும் கை துடைக்கிற கடுதாசியும் கடையிலை வாங்கிக்கொண்டு வரட்டும்” என்றார். எல்லாரும் தலையசைத்தார்கள். மூடி திறவாத போத்தலுக்கும் உறை பிரியாத கடுதாசிக்கும் தீட்டில்லை; அவர்கள் கைபட்ட மாவுக்கு உண்டு. அவர்கள் எந்தச் சாதி என்பதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இன்றைக்கும் யாரோ ஒருவர் விரல்விட்டு எண்ணி ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். மணி என்பதும் அவருடைய உண்மைப் பெயரன்று. வயதில் மூத்த பெண்களை “அக்கா” என்று அழைக்கத் தவறினால் தந்தையார் காதைத் திருகுவார். ஆனால் முப்பது வயதான அந்தப் பெண்ணை நான் வெறும் “மணி” என்று அழைத்தபோது அதே தந்தையார் ஒருநாளும் திருத்தியதில்லை. அந்தப் பெண்ணோ என்னை “தம்பி, நீங்கள்” என்பார். மணியக்கா என்று நான் எழுதுவது இதுவே முதற்றடவை.

அந்த ஆண்டு சித்திரையில் மணியக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது அவர் கணவர் உணவகமொன்றில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் மூன்று வீடுகளிலும் ஆட்கள் இருந்தார்கள், ஒருவரும் போகவில்லை. ஹெல்கா அம்மையாரே தம் காரில் ஏற்றிக்கொண்டுபோய், ஒருநாள் முழுவதும், குழந்தை பிறந்து அழுகிறவரை அருகிருந்தார். பேச ஒரு பொதுமொழியும் இல்லாத இரண்டு பெண்கள், கையைப் பிடித்தபடி. திருநாளின்போது அந்தக் குழந்தைக்கு ஐந்து மாதம்.

ஞாயிறு பிற்பகல் மணியக்கா இடுப்பில் குழந்தையும், தோளில் சோடாப் போத்தல்களும், கையில் துணி கட்டிய ஓர் அலுமினியச் சட்டியுமாக மண்டபத்துக்குள் வந்தார். துணியை அவிழ்த்ததும் ஏலக்காய் மணத்தது. ஹெல்கா அம்மையார் கொடுத்த பூசணிக்காயை அவித்து மசித்து, மாவும் சீனியும் சேர்த்து, வாய்க்கொன்றாக உருட்டிப் பொரித்த வாய்ப்பன்கள். ஜேர்மானியர் மேசையைப் போலவே ஒவ்வொன்றிலும் ஒரு பற்குச்சி குத்தியிருந்தார். நன்றி சொல்வதற்கென்றே ஒரு நாள் இருப்பதை நான்தான் அவருக்கு விளக்கியிருந்தேன்; அந்த நாளுக்கு அவர் சொற்களின்றிச் சொல்லக் கண்டுபிடித்த வழி அது.

தாயார் சட்டியை இரு கைகளாலும் சிரித்த முகத்தோடு வாங்கினார். “தாரும், நான் பாத்து வைக்கிறன். நீர் போய்ப் பிள்ளையோடை இரும்” என்றார். மணியக்கா அகன்றதும் சட்டி என் கைக்கு வந்தது. கனகாக்கா மெதுவாக, “இது மேசையிலை இருந்தால் எங்கடை ஆக்கள் ஒருத்தரும் கைவைக்காயினம், சொல்லிப்போட்டன்” என்றார். உள்ளே அடுப்படியில் வைக்கலாமா என்று கேட்டேன். “அங்கை வைச்சால் அந்த வெள்ளைக்காரச் சனம் எடுத்துக்கொண்டுவந்து மேசையிலை வைச்சிடும். பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டிப்போட்டுச் சட்டியைக் கழுவிக்கொண்டு வா” என்றார் தாயார்.

மண்டபத்தின் பின்னால் இரண்டு குப்பைத் தொட்டிகள் இருந்தன. கவிழ்க்குமுன் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே இளஞ்சூடும். அதைப் போல ஒன்றை எங்கள் வீட்டில் யாரும் செய்ததில்லை. மிகுதி அறுபதோ எழுபதோ, எல்லாவற்றையும் கொட்டினேன். அவை உருண்டு, மேலிருந்த காய்கறித் தோல்களின்மீது குச்சி நிமிர்ந்தபடி கிடந்தன. மூடியைச் சரியாக அழுத்தாமல் வந்துவிட்டேன். தாயாருக்கு ஏலக்காய் மணந்துவிடுமே என்று குழாய்த் தண்ணீரில் வாயை மூன்று தரம் கொப்பளித்தேன்.

பாட்டும் செபமும் முடிந்து எல்லாரும் மேசைகளைச் சூழ்ந்தபோது மணியக்கா எங்கள் மேசையை இருமுறை சுற்றிவந்தார். கனகாக்கா, “மணி, உன்ரை கடுதாசியிலைதான் இண்டைக்கு வெள்ளைக்காரர் எல்லாம் வாய் துடைக்கினம். பிறகென்ன” என்று சொல்ல, மற்றப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மணியக்காவும் பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, என்ரை பலகாரம் எங்கை?”

“முடிஞ்சுது, மணி. முதல் வந்த ஆக்களே எடுத்திட்டினம்.”

அந்த முகத்தில் தோன்றிய ஒளியை வர்ணிக்கும் தகுதி எனக்கில்லை. அவர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஹெல்கா அம்மையாரிடம் அழைத்துச் சென்றார். ஹெல்கா அம்மையார் குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். மணியக்கா சொல்லிப் பழகி வந்தவர்போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

“நீங்கள் தந்த பூசணிக்காயிலை செய்தனான் எண்டு சொல்லுங்கோ, தம்பி. அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை என்ரை கையை விடாமல் பிடிச்சுக்கொண்டிருந்தவா. அந்தக் கைக்கெண்டு செய்தது எண்டு சொல்லுங்கோ.”

தாயார் நான்கடி தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளதைச் சொன்னால் ஹெல்கா அம்மையார் அந்தப் பலகாரத்தைத் தேடுவார். அது குப்பையில் கிடந்தது. ஆயினும் அச்சத்தால் மட்டும் செய்தேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகும். இரண்டு பெண்களும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்குப் பிடித்திருந்தது. “ஒன்றும் சமைத்துக் கொண்டுவர முடியாமற் போனதற்கு வருந்துகிறார்” என்று ஜேர்மனில் சொன்னேன். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாத வாக்கியம்.

கைக்குழந்தையோடு சமைக்க நேரமேது, வந்ததே போதும் என்று ஹெல்கா அம்மையார் அவர் தோளைத் தட்டினார்.

“என்னவாம், தம்பி?”

“நல்ல ருசியாம்.”

மணியக்கா ஹெல்கா அம்மையாரின் வலக்கையை எடுத்துத் தம் இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். ஓர் ஆறுதல் வார்த்தைக்கு இவ்வளவா என்று அந்த அம்மையார் திகைத்திருக்க வேண்டும். கையை விடுவித்துக்கொள்ளத் தெரியாமல் நின்றார்.

வெறுஞ்சட்டியைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கமன்று என்பதால் தாயார் மிஞ்சிய ரோல்ஸில் எட்டை அதில் அடுக்கினார். எங்கள் கையிலிருந்து அவர்களுக்குப் போகலாம். அவர்களிடமிருந்து எங்களுக்கு வரக்கூடாது என்பதே ஒழுங்கு. மணியக்கா அதைப் பெற்றுக்கொண்டு, புறப்படுமுன் குழந்தையின் அணையாடையை மாற்றி, அழுக்கானதைப் போடப் பின்பக்கம் போனார். அவர் போவதை நான் பார்த்தேன். தடுக்க நேரமிருந்தது. தடுக்கவில்லை.

திரும்பி வந்தவர் அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. தாயாரின் முன்னால் வந்து, சட்டியிலிருந்த ரோல்ஸை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளை விரிப்பின்மேல் வரிசையாக வைத்தார். எட்டும் முடிந்ததும் சட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, அவவுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

நான் தரையைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன், ஆசிரியரின் மகன் நிற்பதுபோல. அவர் தாமே ஹெல்கா அம்மையாரிடம் சென்றார். அவருக்குத் தெரிந்த ஜேர்மன் சொல் ஒன்றே ஒன்று: நன்றி. “டங்கே” என்றார். ஹெல்கா அம்மையார் புன்னகைத்தார். மணியக்கா மீண்டும் “டங்கே” என்றார். மூன்றாந்தரம் சொன்னபோது குரல் உடைந்தது. விடைபெறுகிறார் என்று எண்ணிய அம்மையார் கதவுவரை கூடச் சென்று குழந்தைக்குக் கையசைத்தார்.

“பாத்தியளே திமிரை. எங்கடை கையாலை குடுத்ததை வைச்சிட்டுப் போறாள்” என்றார் தாயார். விரிப்பில் கிடந்த ரோல்ஸை ஜேர்மன் பிள்ளைகள் ஓடிவந்து எடுத்துக்கொண்டார்கள். நடந்ததைத் தந்தையாரிடம் தாயார் அன்று மாலையே சொன்னார். தந்தையார் என் தலையைத் தடவி, “கெட்டிக்காரன்” என்றார். பனி கொட்டத் தொடங்குமுன் மணியக்கா குடும்பத்தினர் வீடு மாறிப் போனார்கள். வேறு நாட்டுக்கே போய்விட்டார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

அந்த மண்டபம் இன்றில்லை. கட்டடத்தை வாங்கியவர்கள் அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். முள்ளெலிக் கோவாவை இக்காலத்து விருந்துகளில் நான் கண்டதில்லை. அந்த நான்கு வீட்டுப் பிள்ளைகளில் நான் பொறியியல் படித்துப் பட்டம் பெற்றேன். நகரில் எனக்கொரு பெயருண்டு. சங்கத்தின் தலைவனாகவும் இருக்கிறேன். அந்தப் பெயரோடுதான் சென்ற மாசியில் ஹெல்கா அம்மையாரின் இறுதிச் சடங்கில் தமிழ்க் குடும்பங்கள் சார்பில் நன்றியுரை ஆற்றினேன். குளிர்ச்சட்டை, பள்ளிக்கூடம், பத்திரங்கள், எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டேன். தாளின் கடைசியில் மணியக்கா சொல்லியனுப்பிய அந்த வாக்கியத்தை, அவர் சொன்னபடியே ஜேர்மனில் எழுதி வைத்திருந்தேன். அவ்விடத்துக்கு வந்து நிமிர்ந்தபோது முன்வரிசையில் சக்கரக் கதிரையில் என் தாயார் இருந்தார், அருகில் கனகாக்கா. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். உரை மிகச் சிறப்பாக இருந்ததென்று இப்போதைய போதகர் முதல் பலரும் கைகுலுக்கினார்கள்.

வைகாசியில் தாயாரும் காலமானார். இனிமேல் யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அந்த வாக்கியத்தை இங்கே முழுதாக எழுதியிருக்கிறேன், ஒரு சொல்லும் குறைக்காமல், தமிழில். ஹெல்கா அம்மையாருக்குத் தமிழ் தெரியாது.