இல்லாத கிளட்ச்

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்று அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் நான். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

பல வருடம் கியர் லாரி ஓட்டியவன் நான். ஒரு விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கிளட்ச் மிதிக்கக் கால் இல்லாதவனை நம்பி யார் லாரியைக் கொடுப்பார்கள்? என் மனைவியின் தம்பி கொடுத்தான். அவன் வாங்கிய புது ஆட்டோமேட்டிக் லாரி.

"இதுல கிளட்சே கிடையாது மாமா. கியரை அதுவே மாத்திக்கும். உங்க இடது காலுக்கு ஆயுசுக்கும் லீவு."

சில மாதம் ஒரு குறையும் இல்லை.

அன்று இரும்புக் கம்பி லோடு. மலைப்பாதை இறக்கம். மாலை 6:40. மூடுபனி. செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்து சீட்டில் போட்டிருந்தேன்.

இல்லாத பாதம் அரித்தது. அது வழக்கம்தான். கால் போனவர்களுக்கு அப்படி இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பிறகு, அந்தப் பாதத்துக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது. சில்லென்று… ரப்பர் தேய்ந்த ஒரு பெடல்.

குனிந்து பார்த்தேன். வெறும் தரை.

பழக்க தோஷம். மிதித்துவிட்டேன்.

க்ளக்.

டேஷ்போர்டில் கியர் எண் 5 மறைந்து N வந்தது. நியூட்ரல். இன்ஜினின் பிடி விட்டுப்போய் லாரி தன் பாட்டுக்கு உருண்டது.

பாதத்தைத் தூக்கினேன்… தூக்க முடியவில்லை.

அதன்மேல் இன்னொரு கால் இருந்தது. பூட்ஸ் போட்ட கால். அழுத்திக்கொண்டு.

60… 75… பிரேக் கருகும் நாற்றம்.

என் இடது காதருகே மூச்சு.

பிரேக் பிடிக்கவில்லை.

வண்டியை மலைச்சுவரோடு உரசவிட்டேன். கிர்ர்ர்ர்…

நின்றது.

கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் ஒரு பழுதும் இல்லை என்றார். மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கால் போன ஏக்கம் மண்டைக்கு ஏறிடுச்சு மாமா," என்றான்.

வண்டியைச் சரிசெய்து அவனே ஓட்டக் கிளம்பினான். கெஞ்சினேன். அவன் அக்காவும் அழுது பார்த்தாள். கேட்கவில்லை.

அடுத்த வாரம் போன் செய்தான். குரலில் உயிரே இல்லை.

"மாமா… நீங்க சொன்னது நிஜம்தான். என் கால் மேலயும் அவன் காலை வச்சிட்டான்."

"வண்டியை ஓரங்கட்டுடா. முதல்ல கீழ இறங்கு."

"இறங்கி ரொம்ப நேரமாச்சு மாமா. வீட்டுக்கு வந்து, குளிச்சிட்டுப் படுத்திருக்கேன்."

போனில் அவன் போர்வையை விலக்கும் சத்தம் கேட்டது.

"அவன் இன்னும் காலை எடுக்கல மாமா."