சந்தியோடு நின்ற தெரு

மாமா இறந்த மறுநாளே கல்வெட்டு எழுதும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் ஆட்களிடையே, ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் நடக்கும் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றியுரை. அதைத்தான் கல்வெட்டு என்கிறோம்.

"நீர் பிள்ளை பிறந்து மெற்றேனிற்றி லீவிலை வீட்டிலைதானே நிக்கிறீர். யூனிவேர்சிற்றியிலை சரித்திரம் படிச்சனீர். உம்மை விட்டால் ஆர் எழுதுறது?" என்றார் அத்தான். அவர் என் கணவரின் அண்ணன். பக்கத்து நகரமான பிக்கரிங்கில் இருக்கிறார். அடுத்த நகரசபைத் தேர்தலில் நிற்பதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். "அப்பாவின்ரை அரசியல் வாழ்க்கையை வடிவா எழுதும். அதுதான் முக்கியம்."

மாமா ஊரில் கிராமச் சங்கத் தலைவராக இருந்தவர். அந்தப் பதவி போய், போர் வந்து, நாட்டை விட்டு வந்து அவர் இங்கே ஒரு வாகனத் தரிப்பிடத்தில் காவல் வேலை செய்தபோதும் ஊர்க்காரர் அவரைச் சேர்மன் என்றே கூப்பிட்டார்கள். எனக்கு அவர் அன்பான மாமனார். என் மகளுக்கு ஆப்பிளை மெல்லிய துண்டுகளாக வெட்டிக் கொடுப்பார். தேநீர் குடித்த கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பார். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். அவரைப் பற்றி நல்லதாக எழுதுவது எனக்குக் கடினமாக இருக்காது என்றுதான் நினைத்தேன்.

பல்கலைக்கழகத்தில் நான் எழுதிய நீண்ட கட்டுரையும் ஓர் அரசியல்வாதியைப் பற்றியதுதான். அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றின் சட்டமன்றத்தில், கறுப்பின மக்கள் சம உரிமை கேட்டுப் போராடிய காலத்தில் இருந்தவர். கொடுமைக்காரர் அல்லர். தெரு போட்டார், பள்ளிக்கூடம் கட்டினார், ஏழைகளின் பிரச்சினையைப் பேசினார். முதல் தேர்தலில் மென்மையாகப் பேசித் தோற்றார். அடுத்ததில் கடுமையாகப் பேசி வென்றார். அதன்பின் தோற்கவே இல்லை. நான் பழைய வரைபடங்களைத் தேடி எடுத்து, அவர் போட்ட தெருக்கள் எங்கே முடிகின்றன என்று பார்த்தேன். எல்லாமே ரயில் பாதையோடு முடிந்தன. அதற்கு அப்பால் கறுப்பினத்தவரின் வீடுகள் இருந்தன. அந்தக் கண்டுபிடிப்புக்காகப் பேராசிரியர் என்னைப் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மாமாவின் உடலைப் பார்வைக்கு வைத்த நாள் நல்ல பனி. மகளின் சிநேகிதியின் தாய் வந்திருந்தாள். மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டு வரிசையிலேயேதான் அவர்களின் வீடும். எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்ததிலிருந்து என் மகளையும் அவர்களே பள்ளியிலிருந்து கூட்டி வருகிறார்கள். சில நாள் அவள், சில நாள் அவளுடைய தகப்பனார். அந்த அங்கிளும் மாமாவும் ஒரே ஊர்.

"அங்கிள் வரேல்லையா?" என்று கேட்டேன்.

"காரிலை இருக்கிறார் அக்கா. கால் நோ எண்டார்."

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். இயங்கிக்கொண்டிருந்த காரின் உள்ளே அவர் தொப்பியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கால் வலியுள்ளவர் தினமும் பிள்ளைகளோடு நடந்து வருகிறாரே என்று தோன்றியது. குழந்தை அழுததால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் வரலாற்றின் முதல் பகுதியை எழுதி முடித்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிற மகள், அன்று பள்ளியிலிருந்து வந்ததும் கணினித் திரையைப் பார்த்து எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தாள். "ஊர்... மக்கள்... அனை...வரும்... பயன்பெறும் வகையில்... தார்த் தெரு... அம்மா, வட் இஸ் தார்?"

அவளைக் கொண்டுவந்து விட்ட சிநேகிதியின் தாய் வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சிரித்தாள்.

"அந்தத் தெருவோ? அப்பா சொல்லுறவர். அது எங்கடை பக்கத்துக்கு வரேல்லை அக்கா. சந்தியோடை நிண்டிட்டுது." என் முகத்தைப் பார்த்ததும் அவசரமாகச் சொன்னாள்: "பழைய கதையள், விடுங்கோ. குட்டிக்குக் காய்ச்சல் விட்டிட்டுதோ?"

ஒரே ஊர் என்று எனக்குத் தெரியும். ஊரில் எந்தப் பக்கம் என்று நான் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் நாகரிகம் என்று நினைத்திருந்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் போட்ட தெரு எங்கே முடிந்தது என்று வரைபடம் விரித்துப் பார்த்த நான், இந்த வீட்டில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மாமாவிடம் ஒரு நாளும் அதைக் கேட்கவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன் இரண்டு வீட்டாரும் ஒருவரைப் பற்றி ஒருவர் விசாரித்தார்கள். என்ன விசாரித்தார்கள் என்றும் நான் கேட்கவில்லை.

அன்று சாப்பிடும்போது தெருவைப் பற்றிக் கணவரிடம் கேட்டேன். அவர் கடைசிப் பிள்ளை. அந்தக் காலத்தில் பிறக்கவில்லை.

"கோயில் கதை ஒண்டும் இருக்கு," என்றார், தட்டைப் பார்த்தபடி. "வடிவாத் தெரியாது. அண்ணையைக் கேளும்."

தொலைபேசியில் கேட்டேன். அத்தானுக்குப் பிடிக்கவில்லை.

"தெரு ஏன் சந்திக்கு அங்காலை போகேல்லை எண்டால்? காசு முடிஞ்சிருக்கும்."

"கோயிலிலை என்ன நடந்தது அத்தான்?"

பின்னால் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியை நிறுத்தினார். பிறகு சொன்னார். அமெரிக்காவில் அந்தப் போராட்டம் நடந்த அதே ஆண்டுகளில், எங்கள் வடக்கிலும் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள் கோயிலுக்குள்ளும் தேநீர்க் கடைக்குள்ளும் வர உரிமை கேட்டுப் போராடினார்கள். மாமாவின் ஊரிலும் ஒரு திருவிழாவன்று அவர்கள் கோயிலடிக்கு வந்தார்கள். கோயிலை வைத்திருந்தவர்கள் கதவைப் பூட்டிவிட்டார்கள். அந்த வருடம் சாமி வெளியே வரவே இல்லை.

"அப்பா ஒருத்தருக்கும் கை நீட்டேல்லை. கதவிலை நிண்டவர். அவ்வளவுதான். சனம் நிக்கச் சொன்னது, நிண்டார். நிக்காட்டில் அடுத்தமுறை சேர்மனா வந்திருக்கமாட்டார்."

"அடுத்தமுறை வெண்டவரோ?"

"வெண்டவர். முந்தியைவிடக் கூட வாக்கிலை."

இந்தக் கதை எனக்குத் தெரிந்த கதை. நான் அதற்கு நல்ல புள்ளி வாங்கியிருக்கிறேன்.

அதன்பின் கல்வெட்டு நகரவில்லை. குழந்தை தூங்கும் நேரமெல்லாம் ஒரு பந்தியை எழுதினேன், அழித்தேன். இறந்தவர் பதில் சொல்ல முடியாதவர்; அவர் குற்றத்தை அவருடைய தேவாரத்துக்குப் பக்கத்திலேயே அச்சடிப்பது சரியா? எழுதாமல் விட்டால்? எங்கள் வீட்டுப் புத்தகத் தட்டில் அது இருக்கும். மகள் இப்போது எழுத்துக் கூட்டுகிறாள்; ஒருநாள் முழுவதும் வாசிப்பாள். அவளுடைய சிநேகிதியும் வாசிப்பாள். 'ஊர் மக்கள் அனைவரும்' என்ற இடத்தில் இரண்டு பேரும் என்ன நினைப்பார்கள்?

முடிவில் இப்படி எழுதினேன்: 'சாதியைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்ட எம்மூர் மக்கள் கோயிலுக்குள் வர முயன்றபோது, பூட்டிய கதவின் முன் நின்று தடுத்தவர்களில் இவரும் ஒருவர். இவர் போட்ட தெரு அவர்களின் வீடுகள்வரை போகவில்லை.'

கணவர் நின்றபடியே வாசித்தார். கிழிக்கச் சொல்வார் என்று நினைத்தேன்.

"'ஒருவர்' எண்டு எழுதினால் பின்னுக்கு நிண்டமாதிரி இருக்கு," என்றார். "அப்பா முன்னுக்கு நிண்டவர். அப்பிடியே எழுதும்."

மாற்றினேன். அவருடைய கண்களைப் பார்க்க முடியவில்லை.

அத்தானுக்கும் அதை அனுப்பினேன். அன்றைக்கே தொலைபேசியில் கூப்பிட்டார். "செத்தவீட்டுப் புத்தகத்திலை உதெல்லாம் எழுதுறவையே? நான் நாளைக்கு மேடையிலை நிண்டு நிறவெறி, சமத்துவம் எண்டு கதைக்க வேணும், பிள்ளை. உதை எடுத்துவிடும்."

"ஓம் அத்தான். அப்ப தெருவையும் எடுக்கிறன்."

"தெரு என்னத்துக்கு? தெரு இருக்கட்டும்."

"தெரு இருந்தால் கதவும் இருக்கவேணும், அத்தான்."

பெரியவர்களோடு நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். இரண்டு நாள் பொறுத்து, நான் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, கணவர் அதை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டேன் என்று மட்டும் குளியலறை வாசலில் வந்து சொன்னார்.

அந்தியேட்டி அன்று மண்டபத்தில் சாப்பாடு முடியும் நேரம். கல்வெட்டுப் பெட்டிகள் எங்கள் வாகனத்திலேயே இருந்தன. "அச்சகத்திலையிருந்து வரேல்லை எண்டு சொல்லுவம்," என்று அத்தான் தம்பியின் காதோடு சொன்னது எனக்கும் கேட்டது. கணவர் வெளியே போய் ஒரு பெட்டியைத் தூக்கிவந்து, வாசல் மேசையில் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மற்றதையும் தூக்கிவந்தார்.

ஆட்கள் வழக்கம்போல ஒவ்வொன்றாக எடுத்துப் போனார்கள். பெரும்பாலானோர் படத்தை மட்டும் பார்த்தார்கள். மாமாவின் ஒன்றுவிட்ட தங்கை வாசித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"படிச்ச மருமேளை எடுத்தால் உப்பிடித்தான். நாங்கள் செத்தால் ஒண்டும் எழுதிப்போடாதை, தாயே."

அவர் சொன்னது பிழை என்று எனக்கு அப்போதும் உறுதியில்லை.

மகளின் சிநேகிதியும் தாயும் உள்ளே வந்து சாப்பிட்டார்கள். அங்கிள் அன்றைக்கும் காரில்தான். கணவரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, ஒரு சாப்பாட்டுப் பார்சலும் ஒரு கல்வெட்டும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் கதவைத் திறந்து, இருக்கையில் கிடந்த கையுறைகளை எடுத்துவிட்டு, "குளிருக்கை நிக்காதேயும். ஏறும்," என்றார்.

புத்தகத்தைக் கையில் வாங்கிப் படத்தைப் பார்த்தார். "கண்ணாடி வீட்டிலை. நீரே வாசியும்."

வாசித்தேன். தெருவை, வாசிகசாலையை, தபால் கந்தோரை, பிறகு கதவை. என் குரலில் அந்த வரிகள் கடைப்பொருளின் பெயர்களைப் போல ஒலித்தன. அவர் முன்னால் குவிந்திருந்த பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மைதான். ஆனா முழுக்க இல்லை," என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். "நல்ல வெயில். காலமையிலையிருந்து கதவடியிலை நிண்டம். மத்தியானம் சேர்மன் வாளியிலை தண்ணி எடுப்பிச்சு, தானே செம்போடை வந்தவர். ஒருத்தரும் கிட்டப் போகேல்லை. அவர் குடுக்கிற தண்ணியைக் குடிக்கிறதோ? எனக்கு விடாய் தாங்கேலாமல் போச்சு. போய்க் கையை ஏந்தினன். செம்பைத் தரேல்லை, கையிலை ஊத்தினவர். குடிச்சன்."

நான் புத்தகத்தை மூடினேன்.

"என்ரை ஆக்கள் கனகாலம் என்னோடை கதைக்கேல்லை. கூடப் பிறந்த தம்பியே கதைக்கேல்லை. தண்ணி குடிச்சவன் எண்டுதான் எனக்குப் பேர். சேர்மன் பிறகும் தெருவிலை கண்டால் சிரிப்பார். அதுதான் எனக்குப் பெரிய வெக்கம். செத்தவீட்டண்டைக்கு உள்ளை வந்தால் அந்த முகத்தைப் பாக்கோணும். அதாலைதான் வரேல்லை. கோவம் இல்லை, பிள்ளை."

சாப்பாட்டுப் பார்சலின் சூடு என் மடியில் இருந்தது. அதை அவரிடம் கொடுக்கக்கூட எனக்கு நினைவில்லை. வேறொன்று நினைவுக்கு வந்திருந்தது.

குழந்தை குறைமாதத்தில் பிறந்தவன். கிருமி, சளி என்று எனக்கு எல்லாமே பயம். அதனால் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கடதாசிக் கோப்பையில்தான் தேநீர் கொடுத்து வந்தேன். எல்லாருக்கும்தான். ஆனால் மாமா தன்னுடைய பீங்கான் கோப்பையில் குடித்துக்கொண்டிருந்த மேசையில், பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட அங்கிளுக்கு முன்னால் நான் எத்தனையோ தரம் கடதாசிக் கோப்பையை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் அவர், "வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சனான்," என்று எழுந்து போயிருக்கிறார். பாவம், கூச்ச சுபாவம் என்று நினைத்தேன்.

இதை அன்று காரில் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் என் மனம் ஆறும்; அவருக்கு என்ன கிடைக்கும் என்று தெரியவில்லை.

பனி கரைந்த பிறகு ஒருநாள் அவர் பிள்ளைகளோடு வந்தபோது, உள்ளே வரச் சொன்னேன். எங்களுடைய பீங்கான் கோப்பை ஒன்றில் தேநீர் கொடுத்தேன். அவர் கோப்பையைப் பார்த்தார், பிறகு வாங்கினார். அவர் சொன்னதை எழுதலாமா என்று கேட்டேன்.

"இனி ஒரு கல்வெட்டிலையும் வேண்டாம். வேறை எதிலையும் எழுதும். ஒருத்தற்றை பேரும் போடாதேயும். சேர்மன்ரையும் வேண்டாம்."

அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று குழந்தையைத் தூக்கப் போனேன். திரும்பி வந்தபோது கோப்பை கழுவி, மாமா வழக்கமாக வைக்கும் இடத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஊரின் தேநீர்க் கடைகளில் அவருடைய ஆட்கள் குடித்த பாத்திரத்தை அவர்களே கழுவி வைக்க வேண்டும் என்று அத்தான் சொல்லியிருந்தார். இது அந்தப் பழக்கமா, வெறும் மரியாதையா என்று எனக்குத் தெரியவில்லை. முன்பென்றால் பேசாமல் இருந்திருப்பேன்.

"ஏன் அங்கிள் கழுவினனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரச் சற்று நேரம் எடுத்தது.

"கழுவாமல் வைச்சால் வீட்டிலை மகள் ஏசுவாள், பிள்ளை," என்றார்.