ஆறு பத்து வண்டியும் என் பார்சரும்

தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மதினி எழுதிய பஸ் நேரங்கள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. இடப்பக்கம் வாசுதேவநல்லூர் போகும் அரசு பஸ்கள், வலப்பக்கம் தனியார் பஸ்கள். அண்ணனின் மனைவியான மதினி, படித்துவிட்டுப் பல வருடம் வீட்டோடு இருந்தவர். நான் வேலை பார்க்கும் சென்னைத் தரவுத்தள நிறுவனத்தில் சோதனையாளராகச் சேர்ந்திருந்தார். இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை, சங்கரன்கோவிலில் ஒரே வீடுதான். மாடியில் நான், கீழே அவர். அவருடையது மூன்று மாதத் தற்காலிக வேலை, வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. உருப்படியாக ஒரு பிழையாவது கண்டுபிடித்தால்தான் நிரந்தரம் என்று சென்னையிலிருந்து கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

புதன்கிழமை ஒரு பிழையை எழுதி அனுப்பினார். இரண்டு பட்டியலையும் சேர்த்து நேரப்படி வரிசைப்படுத்தச் சொன்னால், ஒன்பது நாற்பது வண்டிக்குக் கீழே ஆறு பத்து வண்டி வருகிறதாம். பஸ் நேரத்தை வைத்தா பார்சரைச் சோதிப்பது என்று எனக்கு இளக்காரம். கட்டளையைப் படித்து, எந்தச் சொல் எதைச் சேர்ந்தது என்று பிரிக்கும் பகுதிதான் பார்சர். அதை எழுதியது நான். அவருடைய பட்டியலைத் தொடவே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என ஒரு பட்டியல், ஆறு, நான்கு, ஐந்து என இன்னொன்று போட்டுப் பார்த்தேன். ஒன்றிலிருந்து ஆறுவரை அழகாக வந்தது. அவர் அனுப்பிய புகாரை ‘பிழை இல்லை’ என்று மூடிவிட்டேன்.

வியாழன் மதியம் மடிக்கணினியோடு மாடிக்கே வந்துவிட்டார். “கொழுந்தனாரே, காலேஜுக்கு மூணு வருசம் இந்த வண்டியிலதான் போனேன். எனக்குத் தெரியாத நேரமா? தப்புன்னு சொல்லுதேன், நம்ப மாட்டேங்கீங்களே. என் பட்டியலப் போட்டுத்தான் பாருங்களேன்.” கேலியாகத் தொடங்கியவர், முடிக்கும்போது அழுதுவிடுவார் போலிருந்தார்.

போட்டேன். தனியார் பஸ்கள் மட்டும் வரிசையில் இருந்தன. அரசு பஸ்கள் மதினி எழுதியபடியே தாறுமாறாக மேலே கிடந்தன. கட்டளையின் கடைசியில் வரும் ‘வரிசைப்படுத்து’ என்பதை என் பார்சர் இரண்டாவது பட்டியலுக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டிருந்தது. என் சோதனையில் முதல் பட்டியல் ஏற்கெனவே வரிசையாகத்தானே இருந்தது. அதிலும் எல்லாம் இரண்டாவதைவிடச் சின்ன எண்கள். பிழை எப்படித் தெரியும்? வெட்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது, பிழை பிடிபட்டதில் அப்படியொரு சந்தோஷம்! சேர்த்து முடித்த பிறகே வரிசைப்படுத்து என்று விதியை மாற்றி ஓட்டினேன்.

“வந்துட்டு! ஆறு பத்து மேல வந்துட்டு!” என்று மதினி கத்த, நானும் கத்தினேன். விடாமல் கடையநல்லூர் பஸ்களை மூன்றாவது பட்டியலாகச் சேர்க்கச் சொன்னார். அதுவும் சரியாக வந்தது.

சென்னைக்கு எழுத உட்கார்ந்தபோது ‘பிழை சரிசெய்யப்பட்டது’ என்று மட்டும் தட்டினேன். பக்கத்தில் நின்று வாசித்த மதினி தன் மடிக்கணினியை மூடிக்கொண்டு படியிறங்கப் போனார். எனக்குச் சுருக்கென்றது. அழித்துவிட்டு, அவர் சொன்னதே சரி, பார்க்காமல் மூடியது நான் என்று எழுதினேன். மறுநாள் வேலை நிரந்தரமானது.

நிரந்தரமானவர் செய்த முதல் காரியம், அதுவரை நான் ‘பிழை இல்லை’ என்று மூடிய அத்தனை புகார்களையும் மறுபடி திறந்ததுதான். அவற்றில் இதுவரை நான்கு அசல் பிழைகள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து சத்தம் வருகிறது: “கொழுந்தனாரே, அஞ்சாவது கெடச்சிட்டு!”