மீதி இருபத்தொன்பது நாளை நான் நடந்தேன்

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஐப்பசி மழையில் என் மகள் சாரதா பள்ளிக்கூட மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். தியாகராய நகரில் உபாத்தியாயினியாக இருக்கிறாள். இருபத்திரண்டு வயது. எலும்பு முறியவில்லை. ஆனால் வலது இடுப்பின் பக்கத்தில் ஒரு வலி வந்து தங்கிவிட்டது. அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. கார்த்திகை பிறந்தபோது நொண்ட ஆரம்பித்தாள். இனி இவள் வாழ்க்கை என்ன ஆகும் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மயிலாப்பூரில் பிறந்தவள் நான். கபாலீசுவரரிடம்தான் ஓடினேன். "இவளைக் குணமாக்கு. ஒரு மண்டலம் தினமும் உன்னை அடிப்பிரதட்சிணம் செய்யச் சொல்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். சாரதா மறுப்புச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து, அடி அடியாகப் பிராகாரத்தைச் சுற்றுவாள். உதட்டைக் கடித்துக்கொள்வாள். அதைப் பக்தி என்று நினைத்தேன்.

பத்தொன்பதாம் நாள் சுற்றை முடித்து உட்கார்ந்த இடத்திலிருந்து அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

மறுநாள் காலை ராயப்பேட்டையில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் இடுப்பில் ஓரிடத்தை அழுத்தினார். சாரதா துள்ளிவிட்டாள்.

"தசைநார் புண்பட்டிருக்கு. ஊசி போட்டுப் பார்க்கலாம். ஆனா நடையைக் குறைக்கணும். அதுக்கும் கேக்கலைன்னா ஆபரேஷன்தான். ஏம்மா, இவ எங்கேயாவது ரொம்ப நடக்கறாளா?"

சாரதா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஸ்கூல்ல மாடி ஏறி இறங்கணும், டாக்டர்" என்றாள்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஊசி போட்டு வீட்டில் படுக்க வைத்துவிட்டு, அன்று சாயங்காலம் தனியாகக் கோயிலுக்குப் போனேன். "நிறுத்தினால் உனக்குக் குறை. நடந்தால் அவளுக்குக் கத்தி. நான் என்ன செய்ய? நீயே சொல்" என்று சந்நிதியில் அழுதேன். ஒன்றும் தோன்றவில்லை. வெளியே வந்தபோது, வாசலில் எனக்கு வழக்கமாகப் பூ கொடுக்கும் முனியம்மா கேட்டாள்.

"இன்னாம்மா, பொண்ணு எங்க? டெய்லி நொண்டிக்கினே சுத்துமே."

விஷயத்தைச் சொன்னேன். அவள் பூத் தொடுப்பதை நிறுத்தவில்லை.

"நேந்துக்கினது யாரு?"

"நான்தான்."

"அப்பால அது காலு எதுக்கு? உன் காலுக்கு இன்னா கேடு? நல்லாத்தானே கீது."

சுருக்கென்றது. சற்று முன் சந்நிதியில் நான் கேட்டதற்குப் பதில் அது என்று உடனே புரிந்தது. செருப்பை அவள் கூடைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு மறுபடி உள்ளே போனேன். இருபதாம் நாளை நான் நடந்தேன்.

இரண்டாவது ஊசிக்குப் போனபோது டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "இப்போ யார் நடக்கறா?" என்று மட்டும் கேட்டார். நான் என் வீங்கிய காலைக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு காலையில் பார்த்தேன். சாரதா வலப்பக்கம் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அடுத்த முறை பார்த்த டாக்டர், ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நாற்பத்தெட்டாம் நாள் சாரதாவும் கூட வந்தாள். முனியம்மா பக்கத்தில் அவளை உட்கார வைத்தேன். நான் சுற்றை முடித்து வெளியே வரும்போது முனியம்மாவின் குரல் கேட்டது: "தோ வருது பாரு, உங்கம்மா ஆமை."

சாரதா சிரித்தாள். ஐப்பசிக்குப் பிறகு அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்துக் கேட்டேன்.

என்னைப்போல் பிள்ளைகளுக்காகப் பயந்து கிடக்கும் தாய்மார்களே, ஆண்டவனிடம் கேளுங்கள். டாக்டர் கேட்டால் மறைக்காதீர்கள். வேண்டிக்கொள்ளும்போது உங்கள் காலை நம்பி வேண்டிக்கொள்ளுங்கள். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான். எனக்குப் பார்த்தான்.

சாரதா இப்போது மாடிப்படி ஏறிப் பாடம் நடத்துகிறாள். எனக்குத்தான் முழங்கால் கொஞ்சம் வலிக்கிறது. இருக்கட்டும்.