ஒரு படி தவிடு

எங்கள் பாட்டனார் ஊர் மணியக்காரர் பொய் சொல்கிறார். தெரிந்தே சொல்கிறார்.

சனிக்கிழமை விடியற்காலை தங்கவயலில் ரயில் ஏறினேன். யுத்தம் வந்ததிலிருந்து நிற்கவும் இடமில்லை. பௌரிங்பேட்டையிலும் ஜோலார்பேட்டையிலும் வண்டி மாறி, பிற்பகல் பொம்மிடியில் இறங்கினேன். வத்தல்மலை அடிவாரத்துக்கு மாட்டு வண்டி எட்டணா கேட்டது; ஆறணாவுக்குப் படிந்தது.

"யாரு வூட்டுக்குங்க?" என்றார் வண்டிக்காரர்.

"மணியக்காரர் வீட்டுக்கு. எங்க அப்பா தவிட்டான் பிறந்த பதிவைப் பாக்கணும்."

"தவிட்டான் மவனுங்களா! அப்ப அந்த மேட்டுக்காடு உங்களுதுங்க. மணியக்காரரு கடலை போட்டிருக்காரு. பாவம், உங்களுக்காகத்தான் பாடுபடறாரு போல!" என்று சிரித்தார்.

அந்தக் காட்டுக்காகத்தான் போனேன். ஒன்றரை ஏக்கர். பாட்டனாருக்கு வாரிசு இல்லை என்று சொல்லி மணியக்காரர் உழுகிறார். அப்பா சுரங்கத்தில் இறந்துபோனார். அவர் பாட்டனாரின் மகன்தான் என்று காட்ட எனக்கு வேறு அத்தாட்சி கிடையாது.

மணியக்காரர் பழைய ஜனனப் பதிவைப் பரணிலிருந்து இறக்கி, விரலை வைத்துக் காட்டினார். குழந்தை தவிட்டான். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மணியக்காரருடைய தகப்பனார் பெயர்!

"நீயே படிச்சுக்க தம்பி. உங்க பாட்டனுக்குப் புள்ளையே இல்ல."

அந்த வட்டாரத்தில், பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்துப் பிறப்பதைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, ஒரு படி தவிடு அளந்து திரும்ப வாங்குவார்கள். எமனை ஏய்க்கத்தான். அப்பாவை அப்படி ஏந்தியவர் இவருடைய தகப்பனார். பதிவு எழுத ஆள் வந்தபோது பிள்ளை அந்த வீட்டில் இருந்தது. எமனுக்குச் சொன்ன பொய்யையே பயத்தில் எழுத வந்தவனுக்கும் சொல்லிவிட்டார்கள்.

"தவிட்டுக்கு வாங்கின கதை உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றேன்.

"தெரியுமே! புஸ்தகத்துல தவிடு எங்க இருக்குது, காட்டு பாக்கலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினேன்.

தங்கவயல் சுரங்கத்தில் எங்களுக்குப் பெயர் இல்லை, நம்பர்தான். அது கேவலம் என்று நினைத்திருந்தேன். நம்பருக்குத் தகப்பன் யார் என்று அங்கே ஒருவனும் கேட்பதில்லை.

மணியக்காரரே, புஸ்தகம் பொய் என்றால் என் பாட்டனார் காட்டை விட்டு ஏரை இறக்குங்கள். நிஜம் என்றால் என் அப்பா உங்கள் அண்ணன்; உங்கள் தகப்பனார் நிலத்தில் எங்களுக்குச் சரிபாதி. எது என்று ஊர்க்கூட்டத்தில், அன்று சிரித்தவர்கள் முன்னால் நின்று பதில் சொல்லுங்கள்.