இஸ்தோப்பில் படுத்த புருஷன்

தோட்டத்து மருந்துக்காரனிடம் வருகிறவர்கள் நோவை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு இன்னோர் இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். தீராத வியாதியோடு குடித்தனம் நடத்துகிற உங்களுக்கு இது புதிதல்ல. றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருந்துக்காரனாய் வேலை பார்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன்.

முதுகுவலி

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கருப்பையா முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தான். முதுகெல்லாம் குளிர் ஏறி விறைத்திருந்தது. விசாரித்தால், எட்டு மாதமாக லயத்து வீட்டு இஸ்தோப்பில், வெளித் திண்ணையில், சாரலில் படுக்கிறானாம். அவனுக்கு இருந்த ஒற்றை அறைக் காம்பராவில் அவனும் பெண்சாதி ராமாயியும்தான். பிள்ளை குட்டி கிடையாது. "அப்புறம் ஏனடா வெளியே?" என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான். "ரெண்டே பேருதாங்க. ஆனா உள்ள எடமில்லீங்க ஐயா."

ராமாயி கேட்ட மருந்து

மறுவாரம் ராமாயி வந்தாள். இழுப்புக்காரி. மழை இறங்கினால் அவள் நெஞ்சு விசிலடிக்கும். ஊமத்தை இலைப் புகை பிடிக்கச் சொல்லியிருந்தேன். அதுதான் தீர்ந்துவிட்டதோ என்று அலமாரியைத் திறந்தேன். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். ஓப்பநாயக்கவிலிருந்து அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து தன்னைக் கூட்டிப்போகிறானாம். புருஷன் முகம் கொடுத்துப் பேசியே எத்தனையோ நாளாகிறதாம். போவதற்குள் கடைசியாக ஒன்றைக் கேட்டுப் பார்க்க வந்திருக்கிறாள்.

"இழுப்பு நிக்காட்டியும் பரவாயில்லீங்க. அந்தச் சத்தம் மட்டும் அவுக காதுல விழாம இருக்க ஒரு மருந்து குடுங்க."

நான் சொன்ன சொல்

கருப்பையாவைக் கூப்பிட்டு அதட்டினேன். அவன் அழுதுவிட்டான். "எட்டு மாசத்துக்கு முந்தி ஒரு ராத்திரி என் கைக்குள்ளயே அவளுக்கு மூச்சு நின்னுபோச்சுங்க. நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சேன். மறுநா நீங்களும் சொன்னீங்களே, இனிமே அவளுக்குச் சிரமம் குடுக்காதேன்னு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்று நான் சொன்னது விறகுக்கட்டையும் தண்ணிக் குடத்தையும். அவற்றை அவள் இன்னமும் சுமந்துகொண்டுதான் இருந்தாள். கேட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறான்:

"வெறகு தூக்குறது சிரமம்னு யாருக்குங்க தெரியும்? எங்க ஆத்தாவும் தூக்குனதுதானே."

பெஞ்சில் இருவர்

சனிக்கிழமை பெரட்டில் ஆள் கணக்கெடுத்துக் கலைந்ததும் இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்தேன். மூச்சு சீராக இருக்கிற நாளில் பக்கத்தில் படுப்பதால் ஒன்றும் ஆகாது; இழுப்பு வந்தால் விட்டுவிட்டு நிமிர்த்தி உட்கார வை என்றேன். இதைச் சொல்லும்போது நான் மிக்ஸர் மருந்துப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

ராமாயி சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்: "என்னயப் புடிக்காமத்தான வெளிய போனீக?"

"பயந்துதான் புள்ள போனேன்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நானும் உள்ள பயந்துதான் கெடந்தேன். சேந்து பயந்திருக்கலாம்ல?"

என் வீட்டில்

அண்ணன் வந்தான், சோறு தின்றான், தனியாகவே திரும்பினான். ராமாயிக்கு இழுப்பு போகவில்லை. மழை நாளில் கருப்பையா சுவரில் சாய்ந்திருக்க, அவள் அவன்மேல் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குவாளாம்.

அந்தச் சனிக்கிழமையே நான் வீட்டுக்குப் போய், வருஷக்கணக்காக மூட்டுவலியில் கிடக்கும் என் மனைவியிடம், "என்கிட்ட சொல்லாம ஏதாச்சும் மனசுல வச்சிருக்கியா?" என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மொதல்ல சட்டையக் கழட்டிட்டு ஒக்காருங்க. இன்னிக்கு ஒரு நாள் பத்தாது."

தீராத வியாதிக்கு இன்றுவரை என்னிடம் மருந்து கிடையாது. ஆனால் புருஷனும் பெண்சாதியும் தங்களுக்குள் பேசிக்கொண்டால், என்னைப் போன்றவர்களுக்குப் பாதி வேலை இல்லாமல் போய்விடும்.