அக்கா கதவைச் சாத்திய அரை மணி நேரம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இத்தகைய மலர்களில் எல்லோரையும் அணைத்துப் பேசுவதுதான் வழக்கம். எனக்கு அது வரவில்லை. அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, மாலையை வைத்துவிட்டு நிமிர்ந்த உங்களில் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"எண்ணெய் என்ன, ஆவி என்ன, மப்ளர் என்ன. அப்படிப் பார்த்துப் பார்த்து உடம்பை வெச்சிருந்தாங்க. என்ன பிரயோஜனம்?"

நின்றவர் தலையாட்டினார். அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அக்கா திருச்சி பாலக்கரையில் ஒரு சந்து வீட்டில் பிறந்தார். அப்பாவுக்குப் பழைய சாக்கு வாங்கி விற்கும் தொழில். வீட்டின் முன்னறைதான் கிடங்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்கா சாக்குகளை உதறி, ஓட்டை பார்த்து, அடுக்க வேண்டும். எனக்கு அந்த வேலை இல்லை. ஆண் பிள்ளை படிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்தத் தூசியை அக்கா பத்து வருடம் சுவாசித்தார். பன்னிரண்டு வயதிலேயே இரைப்பு பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை தொடங்கினால் அவர் மூச்சில் விசில் சத்தம் கேட்கும். அம்மா கஷாயம் வைத்துக் கொடுப்பார். குடித்துவிட்டு அக்கா மறுபடியும் சாக்கு உதறப் போவார்.

இருபது வயதில் ஸ்ரீரங்கத்தில் கொடுத்தோம். அத்தானுக்குப் பாத்திரக் கடை. வீடு கோயிலுக்கு ஐந்து நிமிட நடை. அந்த ஐந்து நிமிடம்தான் அக்காவுக்கு வினையாக வந்தது. மார்கழி பிறந்தால் போதும், அத்தான் பக்கத்து உறவு முழுவதும் ஏகாதசிக்கு அங்கேதான் வந்து இறங்கும். இருபது பேர், முப்பது பேர். திருச்சியில் என்ன பெரிய குளிர் என்று கேட்பவர்கள், இரண்டு ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தீவில் மார்கழி விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வாசலில் உட்கார்ந்து கோலம் போட்டுப் பார்க்கட்டும். அக்கா பதினெட்டு வருடம் போட்டார். எல்லோருக்கும் காபி கலந்தார். பொங்கலுக்கு உளுந்த வடை தட்டினார். ஒவ்வொரு தை மாதமும் படுத்தார்.

பதினெட்டாவது வருடம் ஏகாதசிக்கு முந்தின நாள் மூச்சு நின்றுபோகும் நிலைக்கு வந்துவிட்டது. தில்லைநகர் பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். ஆக்சிஜன் முகமூடி போட்டிருந்தார்கள். மறுநாள் காலை நான் கட்டிலருகே இருந்தபோது போன் வந்தது. ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து அத்தானின் தங்கை பேசினார். தரிசனம் முடித்து எல்லோரும் வந்துவிட்டார்களாம். காபித்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்று அண்ணியிடம் கேட்டுச் சொல்ல வேண்டுமாம்.

நான் போனைத் தூக்கி எறியவில்லை. கேட்டேன். அக்கா முகமூடியை ஒரு கையால் விலக்கி, "மேல் தட்டு. பருப்பு டப்பாவுக்குப் பின்னால" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டார். நான் அதை அப்படியே போனில் சொன்னேன்.

பதினொரு நாள் கழித்து அனுப்பும்போது மருத்துவர் அக்காவிடம் நேராகப் பேசினார். இன்ஹேலரை நிறுத்தவே கூடாது, குளிர் மாதங்களில் பச்சைத் தண்ணீர் கூடாது, ஈரத் தலையோடு நிற்கக் கூடாது, காதையும் மார்பையும் மூடிக்கொள்ள வேண்டும். நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். கடைப்பிடித்தது அக்கா ஒருவர்தான்.

அடுத்த ஐப்பசியிலிருந்து அவருக்கு ஒரு ஒழுங்கு வந்தது. அதை விவரமாகவே எழுதுகிறேன். இதற்காகத்தானே அவரை அத்தனை பேர் பேசினீர்கள்? ஐந்தரை மணிக்கு எழுந்து ஒரு தம்ளர் வெந்நீரை மெதுவாகக் குடிப்பார். மருத்துவர் சொன்ன மருந்தை இழுத்துக்கொள்வார். தலைக்குப் போர்வையைப் போட்டுக்கொண்டு வெந்நீரில் ஆவி பிடிப்பார். கிடைத்தால் நாலு நொச்சி இலை போடுவார். இளஞ்சூடான நல்லெண்ணெயைப் பாதத்திலும் முழங்காலிலும் தேய்த்து, சாக்ஸ் மாட்டி, மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். ஆறு மணிக்குக் கதவு திறக்கும். குளியல் வெயில் வந்த பிறகு, வெந்நீரில். மொட்டை மாடியில் தலையை உலர்த்திவிட்டுத்தான் இறங்குவார். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள், மிளகு ரசமும் சூடான சோறும். இவ்வளவுதான்.

வீட்டில் போரே மூண்டுவிட்டது. "ஊட்டி அண்ணி" என்று பெயர் வைத்தார்கள். நொச்சி இலை குப்பைக்குப் போனது. சாக்ஸைத் துவைத்து ஈரமாகவே மடித்து வைத்தார்கள், இரண்டு முறை. அத்தான் நல்ல மனிதர். ஆனால் இவற்றில் எதற்கும் அவர் வாய் திறக்கவில்லை. அவர் எதிரிலேயே இதை நான் சொல்லியிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

அந்த வருட மார்கழியில் அத்தானின் தங்கை மன்னார்புரத்தில் என் வீட்டுக்குப் போன் செய்தார். "வீட்டு மருமக ஆறு மணி வரைக்கும் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்தா லட்சுமி எப்படிங்க உள்ள வருவா? நீங்க வந்து கொஞ்சம் சொல்லுங்க" என்றார். நானும் மறுநாள் முதல் பஸ் பிடித்துப் போனேன். கதவைத் தட்டினேன். அக்கா திறக்கவில்லை. கூடத்தில் இருபது பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு மணிக்குத் திறந்தார். ஆவி பிடித்த முகம் சிவந்திருந்தது.

"இத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க. உங்களுக்கு உங்க உடம்புதான் பெருசா?" என்று கேட்டேன். அத்தனை பேர் முன்னிலையில், சத்தமாகவே கேட்டேன்.

அக்கா என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் குரல் உயரவே இல்லை.

"பெருசுதான் தம்பி. அன்னிக்கு மூச்சு விட முடியாம கிடந்தேன். நீ குனிஞ்சு வந்தப்ப, எப்படி இருக்குன்னு கேக்கப் போறன்னு நெனச்சேன். காபித்தூள் எங்கன்னு கேட்ட. இவங்க மேல எனக்குக் கோபமே இல்லை, இவங்க அப்படித்தான். நீ கேட்டதுக்கு அப்புறம்தான் என்னை நானே பார்த்துக்கணும்னு எனக்குப் புரிஞ்சுது."

பிறகு எழுந்து போய் எல்லோருக்கும் காபி கலந்தார். எனக்கும் கொடுத்தார். நான் குடித்தேன். அந்தக் காபியை இன்றுவரை என்னால் விழுங்கி முடிக்க முடியவில்லை.

என்ன பிரயோஜனம் என்று கேட்டவருக்கு இப்போது கணக்குச் சொல்கிறேன். அந்த வருடத்திலிருந்து பதினான்கு குளிர்காலம். அவற்றில் ஒன்றில்கூட அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவில்லை. மகளை எம்.எஸ்சி. வரை படிக்க வைத்து வேலைக்கு அனுப்பினார். அத்தானுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்த ஆறு மாதம் பாத்திரக் கடையைத் தனியாக நடத்தினார். ஐம்பது வயதில் ஒரு தை மாதக் காலையில் மலைக்கோட்டைப் படிகளில் எங்கும் உட்காராமல் ஏறி, உச்சியில் நின்று எனக்குப் போன் செய்து, ஒன்றும் பேசாமல் மூச்சு விடும் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தார். அதில் விசில் இல்லை. அந்தப் பதினான்கு வருடமும் உங்களில் பெரும்பாலோர் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறீர்கள். மூச்சு இருந்ததால்தான் சமைத்தார்.

அவர் போனது வைகாசியில், கொளுத்தும் வெயிலில். மூளையில் இரத்தக் குழாய் வெடித்து, நினைவு திரும்பாமலேயே இரண்டு நாளில் முடிந்துவிட்டது. நுரையீரல் கடைசி வரை நன்றாக இருந்ததாக மருத்துவர் சொன்னார். குளிருக்காக எடுத்த கவனத்தை வெயிலில் வந்த சாவை வைத்து அளப்பவர்களிடம் எனக்கு மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

அவர் அறையில் இன்று அவர் மகள் இருக்கிறார். அவருக்கும் இரைப்பு உண்டு. வரும் மார்கழியில் அங்கே வந்து தங்க நினைப்பவர்கள் முன்கூட்டியே அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் இல்லை என்று சொன்னால் இல்லைதான். எனக்குப் போன் செய்து பயனில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர். பதினான்கு வருடமும் தன் கொல்லையில் நின்ற நொச்சியிலிருந்து இலை பறித்து மதில் மேலே வைத்துவிட்டுப் போன பின்வீட்டு அம்மாவுக்கு. அவர் ஒரு வார்த்தை பெரிதாகப் பேசியதில்லை. ஏகாதசிக்கு முந்தின நாள் மூச்சுத் திணறியபோது கூட்ட நெரிசலில் காவிரிப் பாலத்தை எப்படியோ கடந்து கொண்டு சேர்த்த ஆட்டோக்காரருக்கு. தன் அம்மாவின் அறைக் கதவில் "ஆறு மணி வரை தட்ட வேண்டாம்" என்று பத்து வயதில் எழுதி ஒட்டி, கிழித்தபோதெல்லாம் மறுபடி ஒட்டிய மகளுக்கு. இந்தக் கட்டுரையை முழுவதும் படித்துவிட்டு, தன்னைப் பற்றிய வரிகளையும் அடிக்காமல் அச்சுக்கு அனுப்பச் சொன்ன அத்தானுக்கு.

நன்றிக்குரியவர்கள் இவ்வளவு பேர்தான். யாருடைய பெயராவது விடுபட்டிருப்பதாகத் தோன்றினால், அது அச்சுப் பிழை அன்று.

— தம்பி